கண்ணாடிக்குள் நின்றவளுக்கு

லப்டொப்பின் அடியிலிருந்து தூசி கருகும் மணம் வருகிறது. எருக்கலம்பிட்டிக் கலியாணம் ஒன்றின் படங்களை ஏற்றியிருக்கிறேன். அந்தப் புது மென்பொருள் ஒவ்வொரு படமாக எடுத்து இருட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை எனக்கு வேலை இல்லை. மணம் மூக்கில் ஏறியதும் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது. "எடி, அந்த ஃபானை இஞ்சால திருப்பு" என்றேன். திருப்ப ஆளில்லை. நானே எழும்பிப் போய்த் திருப்பிவிட்டு வந்து இருந்தேன். வாயைத் திறந்தாயிற்று, இனி மூடுவதாக இல்லை. உன்னோடு எனக்குக் கோபம் இருக்கிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்து அதைத் தீர்த்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

நீ காத்துக்கொண்டிருந்த மென்பொருள்தான் இது. கொழும்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், வெளிவருமுன்பே இதைப் பரீட்சித்துப் பார்த்த வெளிநாட்டுக்காரரின் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தாய். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரிப்பேன். நீ ஃபோனை என் மூக்குக்கு முன்னால் நீட்டுவாய்.

"பாத்தியா புள்ள, இருட்டுப் படத்தில கிடக்கிற நொய்ஸ் எல்லாம் எப்பிடிப் போகுது எண்டு. மணலக் கூட்டி அள்ளின மாதிரி. இது வந்தா உனக்கு வேலை போச்சு."

"போகட்டும். நான் தலைமன்னாருக்குப் போய் அண்ணையோட வலை இழுக்கிறன். நீ அந்த மெசினோட இருந்து சண்டை பிடி."

நீ சிரித்தாய். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். அப்போதும் உனக்கு அந்த மென்பொருள்தான் பெரிதாக இருந்தது. பக்கத்துக் கட்டில் மனுசி நாங்கள் ஏதோ மருந்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்து, அது எங்கே வாங்கலாம் என்று கேட்டாள்.

இருட்டுப் படம் உனக்கு ஏன் அவ்வளவு பெரிய தலையிடி என்று எனக்குத் தெரியும். நம் தொழிலே இருட்டில்தான் நடந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நம் அறை. நீ எடுப்பாய், நான் திருத்துவேன். நீ புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, அங்கே ஒரு ஸ்டூடியோவில் கமராவைப் பழகிக்கொண்டு, ஊர் திரும்பியவள். நான் தலைமன்னார்க் கடற்தொழிற் குடும்பத்தில் பிறந்து, கடலைப் பார்த்தாலே தலைசுற்றுகிறது என்று பட்டினத்துக்கு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியவள். முஸ்லிம் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கமராக்காரர் போகமுடியாது. உன்னைத் தவிர இந்தக் கரையில் அந்த நாளில் கமரா தூக்குகிற வேறு பெண் இல்லை. எருக்கலம்பிட்டியிலிருந்து சிலாவத்துறை வரை உன்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மணமகள் உடுத்தும் அறைக்கு ஜன்னல் சாத்தியிருக்கும். சாத்திய ஜன்னலுக்கு மேல் ஒரு படுக்கை விரிப்பும் தொங்கும். கதவுக்குப் பூட்டு. மேலே ஒரு டியூப் லைட், அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் கமராவின் கண்ணை எவ்வளவு அகட்டினாலும் படத்தில் மணல்தான். "ஆம்பிளப் படக்காரன் கடற்கரையில சூரியனுக்கு முன்னால எடுக்கிறான், நான் பெட்டிக்குள்ள எடுக்கிறன்" என்று திட்டிக்கொண்டே படிகளில் ஏறி வருவாய். கீழே படியை மறித்துப் படுத்திருக்கும் கழுதைக்கும் அதில் பாதித் திட்டு கிடைக்கும்.

அந்த அறைகளில் எடுத்த படங்களை எந்த ஆணும் பார்க்கக்கூடாது. அதனால் அச்சடிக்கவும் வெளியே கொடுக்காமல் நம் அறைக்குள்ளேயே ஒரு பிரிண்டர் வாங்கிப் போட்டோம். கலியாண அல்பத்தைக் கொடுத்த பிறகு மூலப் படங்களை அழித்துவிடலாம் என்றுதான் நீ முதலில் சொன்னாய். கலியாண வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றார்கள். "எங்கட வீட்டுக் கொம்பியூட்டரில கிடந்தா பெடியள் தட்டிப் பார்ப்பாங்கள். உங்கட கையில இருக்கட்டும், மகள்" என்று ஒரு உம்மா சொன்னா. பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். மூலப் படங்கள் எல்லாம் உன் டிஸ்க் ஒன்றில் சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் நீ ஒரே வார்த்தையைத்தான் கொடுத்தாய்: "நான் இருக்கும் மட்டும் இருக்கும். நான் மௌத்தாப் போனா அழிஞ்சிடும்." பேப்பரில் எழுதவில்லை, கையெழுத்து இல்லை. அந்த வார்த்தைக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். உன்னைவிட நன்றாகப் படம் எடுக்கிற ஒருத்தி பிறகு வவுனியாவிலிருந்து வந்தாள். அவளை ஒருவரும் இரண்டாந்தரம் கூப்பிடவில்லை.

நம்முடைய கரையில் எந்த மணமகளுக்கும் கண்ணாடிப் படம் இல்லாமல் சரிவராது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தோட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, பின்னாலிருந்து எடுக்கவேண்டும். பெரிய ஹோட்டல் அறையென்றால் படக்காரர் சாய்ந்து நின்று கண்ணாடியில் விழாமல் தப்பலாம். நம் ஊர் அறைகளில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, மச்சாள்மார் ஆறேழு பேர். உனக்கு நிற்க அந்த ஒரு இடம்தான். ஆகவே எல்லாக் கண்ணாடிப் படத்திலும் மணமகளின் தோளுக்கு மேலால், கமராவைத் தூக்கிக்கொண்டு நீ நின்றாய். உன்னை அழிப்பது என் வேலை. கலியாணத்துக்குக் கலியாணம் உன்னை அழித்தேன். நீ நின்ற இடத்தில் சுவரை வைத்தேன், திரைச்சீலையை வைத்தேன், ஒருமுறை ஒரு பூச்சாடியைக்கூட வைத்தேன். "நான் பூச்சாடியாப் போனன்" என்று அந்தப் படத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தாய்.

ரோ படத்தைப் பற்றி நீ புது ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது நினைவிருக்கிறதா? "கமரா கண்டதை ஒண்டும் விடாம அப்பிடியே வச்சிருக்கிற பச்சைப் படம் அது. நாங்க செய்யிற திருத்தம் ஒண்டும் அதில தொடாது. இதை அழி, அதை வெளிச்சமாக்கு எண்டு மென்பொருள் தனக்குப் பக்கத்தில ஒரு குறிப்பு வச்சிருக்கும், அவ்வளவுதான்." நீ இதைச் சொல்லும்போது நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு ஏறவில்லை என்பது போன மாதம்தான் விளங்கியது.

உன் முகத்தைப் பற்றி நீ சொன்னதையும் சொல்லவேண்டும். அதற்கு அரிப்புக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மாவில் தொடங்கவேண்டும். காணாமற்போன மகனின் படத்தைக் கொண்டுவந்தவ. ஒரு திருநாள் கூட்டத்தில் எடுத்த படம், மகன் மூலையில் மங்கலாக நிற்பான். முதலில் பெரிதாக்கித் தரச் சொன்னா. அடுத்த வருடம் வந்து இன்னும் தெளிவாக்கச் சொன்னா. அதற்கடுத்த முறை என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பிள்ளைக்கு இப்ப மீசை தடிச்சிருக்கும், கொஞ்சம் வைச்சு விடுங்கோ" என்றா. நான் வைத்தேன். அவ பார்த்தா. "இல்ல, இவ்வளவு தடிக்காது, தகப்பனுக்கும் தடிக்கேல்ல" என்றா. குறைத்தேன். நீ எழும்பி வெளியே போய் மொட்டைமாடியில் நின்றாய். அவ போனபிறகுதான் உள்ளே வந்தாய்.

"அந்தப் படம் அந்த மனுசியப் பிடிச்சு வச்சிருக்கு. நான் போனா என்ட புள்ளைக்கு என்ட படம் ஒண்டும் விடமாட்டன்."

"உனக்கு விசர். உன்ர சாப்பாடே படம்தான்."

"மத்தவங்கட முகம் எனக்குச் சாப்பாடு. என்ட முகத்த வச்சு ஒருத்தரும் அழ வேணாம். ஓதட்டும், அது போதும்."

அப்போது உனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அல்லது இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போகுமுன் நீ உன் ஃபோனில் இருந்த உன் படங்களை எல்லாம் அழித்தாய். மகள் நஸ்ரினின் ஃபோனை வாங்கி அதிலும் அழித்தாய். உன் கலியாணப் படங்களைப் புத்தளத்துக் கொட்டிலில் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சம் அடையாள அட்டையில் இருந்த ஒன்று. அதில் இருப்பது நீதான் என்று நீயே சத்தியம் பண்ணினாலும் நான் நம்பமாட்டேன். அதையும் மரணத்தைப் பதியும்போது கந்தோரில் வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக மன்னார் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுவந்து போட்டிருந்தபோது என் கையைப் பிடித்தாய். கை எலும்பாக இருந்தது. "அந்த டிஸ்க்க அழிச்சிடு. ஆக்களுக்குச் சொல்லு, அல்பப் படம் வேணுமெண்டா கொப்பி எடுத்துக் குடு, பிறகு அழி. என்ட வாக்குப் போகக்கூடாது." ஓம் என்றேன். கபன் துணியால் மூடுமுன் பெண்கள் என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்த முகத்தை நான் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன்.

பிறகு நடந்தது இதுதான். என் பழைய லப்டொப் செத்தது. புதிது ஒன்று எடுத்தேன். பழைய மென்பொருள் அதில் ஏறவில்லை. அந்த நேரம்தான் நீ காத்திருந்தது வெளிவந்தது, ஒரு மாதம் சும்மா பாவித்துப் பார்க்கலாம் என்று. நம் படக்காரரின் வட்ஸ்அப் குழு தீப்பிடித்தது. யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் சேர்ச்சுக்குள் மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போட்டு, "பகல் மாதிரி வந்திருக்கு, கும்பிடவேணும் இவங்களை" என்றார். வவுனியாக்காரருக்கு அது மணமகளை வெள்ளை அடித்துக் கொடுத்ததாம். "சாறியும் வெள்ளை, சுவரும் வெள்ளை, பொம்பிளையைக் காணேல்ல" என்று எழுதினார். இன்னொருவர் தன் லப்டொப் அடுப்பாகிவிட்டது என்று அதன்மேல் ஒரு முட்டையை வைத்துப் படம் எடுத்துப் போட்டார். எல்லாருக்கும் பொதுவான ஒப்பாரி ஒன்று இருந்தது: பழைய மென்பொருளில் செய்த திருத்தங்கள் எதையும் இது எடுக்கவில்லை. குறிப்புகளை வாசிக்கத் தெரியவில்லை. பழைய படத்தைத் திறந்தால் எடுத்த நாளில் இருந்த கோலத்தில் வந்து நிற்கிறது. "இத்தனை வருச வேலையும் தண்ணியில போச்சு" என்றார்கள். நானும் சேர்ந்து ஏசி ஒரு குரல் பதிவு போட்டேன்.

ஏசிவிட்டு, கொப்பி எடுக்கவேண்டுமே என்று உன் டிஸ்க்கை லப்டொப்பில் செருகினேன். திருத்தி முடித்த அல்பப் படங்கள் தனியாக இருந்தன, அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மென்பொருள் என்னைக் கேட்காமலே டிஸ்க் முழுவதையும் படிக்கத் தொடங்கியது. மூலப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. முதல் கண்ணாடிப் படத்தில் நீ நின்றாய். நான் திரைச்சீலை வைத்த இடத்தில், கறுப்பு அபாயாவோடு, கமராவை நெஞ்சில் வைத்துக்கொண்டு. அடுத்ததிலும் நின்றாய். பூச்சாடியும் போய்விட்டது, நீ நின்றாய். என் கையால் நான் அழித்த அத்தனை தரமும் நீ திரும்பி வந்து நின்றாய். நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, கதவைப் பூட்டிவிட்டு, தரையில் இருந்து அழுதேன். கீழே மருந்துக்கடையில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அந்த மென்பொருளில் இன்னொரு வித்தை இருக்கிறது. முகங்களைப் பிரித்து அடுக்கும். ஒரே ஆள் என்று நினைப்பதையெல்லாம் ஒரு வட்டத்துக்குள் போட்டு, பெயர் கேட்கும். மணமகள்மாருக்கு ஆளுக்கொரு சின்ன அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றிலும் பெரிய அடுக்காக, உன் முகம். கீழே ஒரு கேள்வி: இவர் யார்? நான் பெயரைப் போடவில்லை. அந்தப் பொல்லாத யந்திரத்துக்கு உன் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் அப்படி இருக்கும்போதுதான் நஸ்ரின் கதவைத் தட்டினாள். உன் கமரா பட்டரி சார்ஜர் வீட்டில் கிடந்ததாம், கொண்டுவந்து தர வந்தாள். திரையை மூட எனக்குக் கை வரவில்லை. அவளும் பெண்தானே, அந்தப் படங்களைப் பார்க்க அவளுக்குத் தடை இல்லை என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அன்ரி... அது உம்மா."

"ஓம் மோனை. வந்து இரு."

அன்று பின்னேரம் முழுக்க இருந்து பார்த்தோம். வருட வரிசையில் வந்தாய். முதலில் கன்னம் உப்பி, வாயில் ஏதோ பேச்சோடு. நாடியைத் தூக்கச் சொல்லி மணமகளை ஏசிக்கொண்டிருந்திருப்பாய். ஒன்றில் வாய் நிறைய மசுக்கெட் இனிப்பு. நஸ்ரின் சிரித்தாள். இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒரு படத்தை எடுத்து, நீ மட்டும் வருகிற மாதிரி வெட்டி, அந்த மணல் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். லப்டொப் இரைந்தது. நீ பளிச்சென்று வந்தாய். இமை மயிர்கூட எண்ணலாம்.

நஸ்ரின் கிட்டக் குனிந்தாள். "உம்மாட மச்சம் எங்க?"

மூக்குக்குப் பக்கத்தில் இருந்த உன் மச்சத்தை அது நொய்ஸ் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. உன் கன்னத்தில் உனக்கு இல்லாத ஒரு மினுக்கத்தையும் பூசியிருந்தது. உன்னைப்போல ஒருத்தியைச் செய்து தந்திருந்தது. பொத்தானை எடுத்துவிட்டேன். மணல் திரும்ப வந்தது, மணலோடு மச்சமும் வந்தது. "இப்பிடியே விடுங்க அன்ரி" என்றாள்.

பிறகு பிந்திய வருடங்கள் வந்தன. அபாயா தொளதொளத்தது. கண்ணுக்குக் கீழே குழி. அந்தப் படங்களையும் நான்தான் அழித்தேன், ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிவைத்து. பெரிதாக்கினால் முகம் தெரியாது, கறுப்பும் சாம்பலும்தான் தெரியும். நஸ்ரினுக்கு முழுதாகத் தெரிந்தது. அவள் ஒரு படத்தில் விரலை வைத்தாள். நீ ஒரு கையால் கமராவைத் தூக்கியிருந்தாய். மற்றக் கை விலாவுக்குக் கீழே அமத்திப் பிடித்திருந்தது. அடுத்த கலியாணத்திலும் அந்தக் கை அங்கேதான். அதற்கு முந்தியதிலும்.

"உம்மாக்கு அப்பவே நொந்திருக்கு" என்றாள்.

கேட்டால் நீ கெஸ்ரிக் என்பாய். காலையில் சாப்பிடவில்லை என்பாய். இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த கலியாணத்துக்கு ஓடுவாய். எனக்கு ஒளித்தாய், டொக்டருக்கு ஒளித்தாய். கண்ணாடிக்கு மட்டும் ஒளிக்கவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதுதான் சொல்லவில்லை. இதுதான் என் முதல் கோபம்.

போகும்போது அவள் கேட்டாள். நான் எதிர்பார்த்ததுதான். "எனக்கு ஒண்டு தருவீங்களா? மச்சம் இருக்கிற ஒண்டு."

"வாப்பாட்டக் கேட்டுட்டுச் சொல்லுறன் மோனை."

கட்டாரிலிருந்து உன் அடக்கத்துக்கு வந்த உன் புருசன் இன்னும் திரும்பிப் போகாமல் நின்றார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் முற்றத்தில் கதிரை போட்டுத் தந்தார். "எனக்கும் ஆசைதான் தங்கச்சி, பொய் சொல்ல மாட்டன். ஆனா வேணாமெண்டது அவ. சொன்னதும் உங்களிட்டத்தான். நான் என்னத்தச் சொல்ல?" என்றார். நல்ல மனுசன். தலையிலிருந்த சுமையை இறக்கி என் தலையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியும் தந்தார்.

கலியாண வீட்டுக்காரருக்கு அறிவித்தேன். பெண்கள் பென் டிரைவோடு வந்து தங்கள் அல்பப் படங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் துடைத்த, நீ இல்லாத படங்கள். இந்தக் கரையில் நீ எடுத்த படம் இல்லாத முஸ்லிம் வீடு குறைவு. நீ நிற்கிற படம் ஒரு வீட்டிலும் இல்லை. அதை நான் அவ்வளவு வடிவாகச் செய்திருக்கிறேன். சிலர் அழுதார்கள். ஒரு உம்மா, உன்னை மகள் என்று கூப்பிட்ட அதே உம்மா, தடியூன்றிக்கொண்டு படியேறி வந்தா. "புள்ள மௌத்தானாலும் வாக்குத் தவற மாட்டா எண்டு எனக்குத் தெரியும். நீங்க ஒண்டும் மிச்சம் வைக்க மாட்டீங்கதானே?" என்று கேட்டா. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. "மாட்டன் உம்மா" என்றேன்.

வெட்டி எடுத்த உன் படம் அப்போதும் திரையின் ஓரத்தில் கிடந்தது. அதில் ஒரு மணமகளும் இல்லை, ஒரு மயிரிழைகூட இல்லை. அதை வைத்திருந்தால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. உனக்குத் தந்த சொல்லுக்கு மட்டும்தான். உயிரோடு இருக்கிறவளோடு என்றால் வாதாடலாம், ஏசலாம், கால்வாசி விட்டுக்கொடு என்று கேட்கலாம். செத்தவளோடு எப்படி வாதாடுவது? இரண்டு நாள் அந்த அறைக்கு நான் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் கோயிலில் பூசை முடிந்து நேரே வந்து, டிஸ்க்கை அழித்தேன். மென்பொருள் தனக்கென்று எடுத்து வைத்திருந்த சின்னப் பிரதிகளையும் தேடித் தேடி அழித்தேன். அந்த வெட்டிய படத்தையும் அழித்தேன். நிச்சயமா என்று அது கேட்டது. ஓம் என்றேன். முகங்களின் அடுக்கு வெறுமையாகியது, இவர் யார் என்ற கேள்வியும் போய்விட்டது.

இப்போது கமராவையும் நான்தான் தூக்குகிறேன். உன்னளவுக்கு இல்லை, ஆனாலும் கூப்பிடுகிறார்கள். உன் வாக்கைக் காப்பாற்றியவள் என்று கதை ஊருக்குள் போயிருக்கிறது. நேற்று ஒரு மாமி கூட்டத்துக்குள் என் கையைப் பிடித்து அதைச் சொல்லி மெச்சினா. நான் சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

ஏனென்றால் போன கிழமை நஸ்ரின் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு, வெள்ளை உடுப்போடு, நேரே. நானாகப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். நாளை போகலாம், நாளை போகலாம் என்று இருந்துவிட்டேன். அவள் இருக்கவில்லை. புத்தகப் பையைக் கழற்றவுமில்லை.

"அழிச்சிட்டீங்களா அன்ரி?"

"ஓம் மோனை."

"எல்லாமா?"

"எல்லாம். உம்மா என்னட்ட அப்பிடித்தான் கேட்டவ."

அவள் தலையாட்டினாள். எனக்கு ஏசப்போகிறாள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும். நீங்க வாய்க்கு வந்தபடி ஏசுவீங்க, ஆனா சொன்னா சொன்னதுதான் எண்டு உம்மா சொல்லுவா." பையின் வாரை இழுத்துவிட்டாள். "எண்டாலும் எனக்கெண்டு ஒண்ட ஒளிச்சு வச்சிருப்பீங்க எண்டு நெனச்சன்."

அவ்வளவுதான் சொன்னாள். படியிறங்கிப் போய்விட்டாள். கூப்பிட வாய் வந்தது, கூப்பிட்டு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நீ படத்தை அழிக்கச் சொன்னது உன் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு அழக்கூடாது என்பதற்காக. அரிப்பு அம்மாவைக் கண்டு பயந்தாய். அந்த அம்மாவுக்காவது மீசையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு முகம் கையில் இருந்தது. உன் பிள்ளையின் கை வெறுமையாகத்தான் இருந்தது, அதை நான் பார்த்தேன். நீ நினைத்தது பிழை என்று நான் சொல்கிறேன், என் இரண்டாவது கோபம் அதுதான், பெரிய கோபமும் அதுதான். நீ பிழையாகச் சொன்னதை நான் சரியாகச் செய்து முடித்திருக்கிறேன்.

உன்னை நினைக்கக் கண்ணை மூடுகிறேன். மசுக்கெட் தின்கிற அந்தப் படம் வரும் என்று பார்க்கிறேன், வருவதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று நான் சொன்ன அந்த நிமிடத்தில் உன் மகளின் முகம் இருந்த இருப்புத்தான் வருகிறது. அதை எந்த மென்பொருளிலும் ஏற்றமுடியாது, அழிக்கவும் முடியாது. அவள் அதற்குப் பிறகு இந்தப் படிகளில் ஏறவில்லை.